நாற்பது பக்க நோட்டிலிருந்து ஓர் இன்ட்ராநெட்

காலை ஒன்பதரை மணி. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில், காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு முந்திரி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொட்டை வேகவைப்பதிலிருந்து உடைப்பு, தோல் உரிப்பு, தரம்பிரிப்பு, பேக்கிங் வரை எல்லாம் சேர்த்து இருநூறு பேர். ஆபீசில் நான்கு மேசை. அதில் ஒன்று ஹெச்.ஆர். மேசை. பி.காம். முடித்து வந்து இரண்டு வருடமான ஒரு பெண் அதில் உட்கார்ந்திருக்கிறார். வந்து பையை வைத்ததிலிருந்து போன் ஓயவில்லை.

"ஏம்மா, போன மாசத்து ஓ.டி. காசு இதுல சேர்ந்திருக்கா?"

"மேடம், இ.எஸ்.ஐ. கார்டுல எம் பேரு தப்பா இருக்கு. யாரைப் பாக்கணும்?"

"அண்ணன் கல்யாணம், மூணு நாள் லீவு வேணும். லெட்டரை மேஸ்திரிகிட்ட குடுக்கறதா, ஆபீஸ்ல குடுக்கறதா?"

மத்தியானச் சாப்பாடு வரை இதே கதை. அவருடைய சொந்த வேலையில் ஒன்றுகூட நகரவில்லை. சாயங்காலம் முதலாளி வந்து, "இன்னைக்கு உடைப்புல எத்தனை பேர் வரலை?" என்று கேட்டால், மூன்று ரெஜிஸ்டரைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடிகிறது.

அந்த முதலாளி ஒருநாள் சென்னைக்குப் போய்விட்டு வருகிறார். அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நாமளும் ஒரு இன்ட்ராநெட் போட்டுடலாம். நீயே பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்காக. பண்ருட்டியிலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஜவுளிக்கடை, நெய்வேலியில் வேலை எடுக்கும் கான்ட்ராக்ட் நிறுவனம் எனப் பல இடங்களில் அவரைப் போல ஒருவர் இருக்கிறார். "நீயே பாத்துக்கோ" என்ற சொல் இன்றில்லாவிட்டால் நாளை அவர் காதிலும் விழும்.

டெலிபோன் டைரக்டரியில் தொடங்கிய கதை

நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் திறந்து பார்க்கும் இணையதளம்தான் இன்ட்ராநெட். சொல்வது சுலபம். அமைக்கிறவர்களில் பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். முதல் பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் படம், அதன் கீழே தொலைநோக்கு வாசகம், ஓரத்தில் ஆடி மாதத்திலும் அழியாத பொங்கல் வாழ்த்து. திறப்பு விழா அன்று எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள். அதன்பின் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இன்று உலகமே புழங்கும் வலையும் ஓர் அலுவலகத்தின் உள்வீட்டுத் தேவையில் பிறந்ததுதான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். யார் எந்தக் கருவியில் என்ன செய்தார் என்ற விவரம் அவர்களோடு சேர்ந்து வெளியேறிவிடும். அதற்கு வழிகாணத்தான் 1989 மார்ச்சில் அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ வலைக்கான தம் முன்மொழிவை எழுதிக் கொடுத்தார். ஆனால் அங்கிருந்த சாதாரண ஊழியர்களை வலைப்பக்கம் இழுத்தது அந்த முன்மொழிவு இல்லை. செர்னின் டெலிபோன் டைரக்டரிதான். அதுவரை ஒருவருடைய எண்ணைப் பார்க்க மத்தியக் கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்து நுழைய வேண்டியிருந்தது. டைரக்டரி வலையில் ஏறியதும், எண் தேடுவதற்காகவே பலர் அந்த ஜன்னலைத் திறந்தபடி வைத்திருந்தார்கள்.

தினமும் எழும் சின்னக் கேள்விக்கு விடை கிடைக்கும் இடத்துக்கு ஆள் தானாக வரும். ஆள் வந்து பழகிய பிறகு பெரிய விஷயங்களை அங்கே வைக்கலாம். வரிசையை மாற்றினால் இரண்டுமே நடக்காது.

இரண்டு வாரம் எழுதுங்கள்

ஆகவே கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் போன் பக்கத்தில் வையுங்கள். நான்கு பத்தி போடுங்கள்: எந்தப் பிரிவிலிருந்து கேட்டார்கள், என்ன கேட்டார்கள், பதில் யாரிடம் இருந்தது, எவ்வளவு நேரம் பிடித்தது. கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "கூடுதல் பணிநேர ஊதியம்" என்று திருத்தி எழுத வேண்டாம். "ஓ.டி. காசு" என்றால் ஓ.டி. காசுதான். பிற்பாடு தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் போடுவார்.

கேட் வாட்ச்மேனிடமும் ஸ்டோர்காரரிடமும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுங்கள். ஆபீஸ் வரைக்கும் வராத கேள்விகள் அவர்களிடம்தான் நின்றுபோகும். சம்பள நாளும் அதற்கு மறுநாளும் அந்த இரண்டு வாரத்துக்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். கேள்விகள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்: காசு, லீவு, ஆள், பொருள், விதி. மூன்றாவது பத்தியை மட்டும் தனியாக ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே ஒருவர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். இருபது வருடமாக இருக்கும் கணக்கராக இருக்கலாம், பழைய மேஸ்திரியாக இருக்கலாம். அவர் ஒரு வாரம் திருப்பதி போனால் பாதி ஆலை நிற்கும். முதலாளியிடம் அனுமதியும் பணமும் கேட்கப் போகும்போது இந்தப் பத்தியைக் கொண்டுபோங்கள். எந்த விளக்கப் படத்தையும்விட அது வேலை செய்யும்.

முதல் பக்கத்தில் ஐந்தே விஷயம்

ஒன்று, ஆள் பட்டியல். பதவிப் பெயரை வரிசையாக அடுக்கினால் பயனில்லை. வேலையை வைத்து எழுதுங்கள். 'இ.எஸ்.ஐ. பெயர்த் திருத்தம்: இன்னார், அவர் இல்லாவிட்டால் இன்னார். ஜெனரேட்டர் நின்றால்: இன்னார், அவர் இல்லாவிட்டால் இன்னார்.' இரண்டாவது பெயர் இல்லாத வரி அரைகுறை வரி.

இரண்டு, சம்பளம். எந்தத் தேதியில் வரும், ஓ.டி. எப்படிக் கணக்கிடப்படுகிறது, பி.எஃப். எவ்வளவு பிடித்தம், இந்த மாத பே ஸ்லிப் எங்கே. தமிழக அரசு ஊழியர்கள் இன்று களஞ்சியம் செயலியில் சம்பளப் பட்டியலைப் பார்க்கிறார்கள், விடுப்புக்கும் அதிலேயே விண்ணப்பிக்கிறார்கள். வீட்டில் ஒருவர் ஆசிரியராகவோ வருவாய்த் துறையிலோ இருந்தால், தனியார் ஆலையில் வேலை செய்யும் இன்னொருவர் அதே வசதியை எதிர்பார்ப்பது இயல்பு.

மூன்று, லீவு. கையில் எத்தனை நாள் மிச்சம், இந்த வருட விடுமுறைப் பட்டியல், விண்ணப்பிக்கும் வழி.

நான்கு, படிவங்கள். ஒரு படிவத்துக்கு ஒரே பிரதி, அதுவும் புதியது. 'லீவ் ஃபார்ம் புதுசு 2 கடைசி' என்ற பெயரில் எந்தக் கோப்பும் கண்ணில் படக்கூடாது.

ஐந்து, இன்று. எந்த லோடு வருகிறது, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்நிறுத்தம் எத்தனை மணிக்கு, ஷிஃப்ட் மாற்றம் யாருக்கு. இந்தக் கட்டம் தினமும் காலை எட்டு மணிக்குள் மாற வேண்டும். நேற்றைய செய்தி இன்றைக்கும் நின்றால், மற்ற நான்கின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

முதலாளியின் படமும் செய்தியும் இருக்கட்டும், உள்ளே ஒரு பக்கத்தில். சட்டம் கேட்பதையும் மறக்க வேண்டாம். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு அமைத்த ஆணையும், குற்றத்துக்கான விளைவுகளும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். சுவரில் ஒட்டியதோடு தளத்திலும் போடுங்கள். சுவர் முன்னால் நின்று அதைப் படிக்கத் தயங்கும் பெண், தன் போனில் தனியாகப் படிப்பார்.

உடைப்புக் கூடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது

ஐ.டி. கம்பெனியின் இன்ட்ராநெட்டை அப்படியே பெயர்த்து வந்தால் பண்ருட்டியில் வேலைக்காகாது. உடைப்பில் இருக்கும் பெண்களின் கையெல்லாம் கொட்டை ஓட்டின் எண்ணெய்ப் பிசுக்கு. பேக்கிங் அறைக்குள் போன் கொண்டுபோகப் பல ஆலைகள் விடுவதில்லை. கம்பெனி ஈமெயில் ஆபீசில் இருக்கும் நாலு பேருக்குத்தான்.

அதனால் உள்ளே நுழைய ஈமெயில் கேட்காதீர்கள். மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். டீ குடிக்கும் கொட்டகையிலும் கேட்டிலும் க்யூ.ஆர். அட்டை ஒட்டுங்கள். போன் இல்லாதவர்களுக்கும் பட்டன் போன்காரர்களுக்கும் கேட் அருகே ஒரு பொதுத் திரை வையுங்கள். அதுவும் முடியாதென்றால், தினமும் காலையில் 'இன்று' பக்கத்தை ஒரே தாளில் பிரின்ட் எடுத்துப் போர்டில் ஒட்டுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக முக்கியமான அறிவிப்பை ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் போடலாம். பதிவைப் பேசுபவர் அவர்களுக்குத் தெரிந்த குரலாக இருந்தால் இன்னும் நல்லது.

நம் சட்டத்துக்கு இந்த அறிவு எப்போதோ இருந்தது. தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும், நுழைவாயிலை ஒட்டி எளிதில் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. புரியும் மொழி, போகிற வழி. தளத்தை வடிவமைக்கவும் இந்த இரண்டும்தான் முதல் விதி. வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால், சம்பளமும் பாதுகாப்பும் பற்றிய பக்கங்களை மட்டுமாவது அவர்கள் மொழியிலும் எழுதிவையுங்கள்.

சீட்டுப் பிரிக்கும் விளையாட்டு

எதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று ஆபீசுக்குள் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். 1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் உள்தளத்தை அமைத்தபோது, ஜேக்கப் நீல்சனும் அவருடன் இருந்தவர்களும் அட்டைகளில் தகவல்களின் பெயரை எழுதி ஊழியர்களிடம் கொடுத்து, "உங்களுக்குத் தோன்றுகிறபடி பிரித்து வையுங்கள்" என்றார்கள். அந்தப் பிரிவுகளைப் பார்த்துத்தான் தலைப்புகள் அமைந்தன.

இதற்குச் செலவே இல்லை. நாற்பது துண்டுச் சீட்டு, ஒரு பேனா. டீ நேரத்தில் ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். 'ஓ.டி. விகிதம்' என்ற சீட்டை முதலாளி 'கொள்கைகள்' என்ற கட்டில் வைப்பார். உடைப்பில் இருக்கும் அக்கா 'சம்பளம்' கட்டில் வைப்பார். அக்கா சொல்வதுபோல வையுங்கள். தேடப் போவது அவர்தான்.

தேடல் பெட்டியிலும் இதே கவனம் வேண்டும். சம்பளச் சீட்டு, பே ஸ்லிப், சம்பளப் பட்டியல் என்று எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கத்துக்குப் போக வேண்டும். தமிழில் தட்டத் தெரியாமல் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களும் உண்டு. அவர்கள் தட்டும் விதத்தையும் குறிச்சொல்லாகச் சேருங்கள்.

பக்கத்துக்கு ஒரு பட்டாதாரர்

தளம் செத்துப்போவது தொழில்நுட்பத்தால் இல்லை, கேட்பாரற்றுப் போவதால். பராமரிக்க ஆளில்லாத கொல்லையில் வேலிக்கருவை மண்டுவதுபோல, பொறுப்பாளர் இல்லாத பக்கத்தில் பழைய தகவல் மண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று விவரம் கட்டாயம்: பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி, காலாவதித் தேதி.

பொறுப்பாளர் என்றால் ஆள். 'நிர்வாகப் பிரிவு' என்று எழுதினால் யாருமில்லை என்று பொருள். சம்பளப் பக்கத்துக்குக் கணக்கர், லீவுப் பக்கத்துக்கு ஹெச்.ஆர்., ஜெனரேட்டர் பக்கத்துக்கு எலெக்ட்ரீஷியன். தட்டச்சு செய்து கொடுப்பது நீங்களாக இருக்கலாம். சரியா தவறா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். காலாவதி தாண்டியும் யாரும் தொடாத பக்கத்தைக் கூசாமல் இறக்கிவிடுங்கள். இருநூறு பேர் ஆலைக்கு முப்பது நல்ல பக்கங்கள் தாராளம்.

வாட்ஸ்அப்போடு சண்டை வேண்டாம்

"எல்லாத்தையும் குரூப்லயே போட்டுடறோமே, இது வேற எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செய்தி சொல்வதற்கு வாட்ஸ்அப்பை மிஞ்ச எதுவும் கிடையாது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், காசும் கிடையாது, யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டாம்.

ஆனால் அது சந்தைத் தெரு. சொன்னது அங்கேயே கரைந்துவிடும். விடுமுறைப் பட்டியலைப் போட்ட மறுநாள் நூறு 'குட் மார்னிங்' பூக்களுக்கு அடியில் அது புதைந்துபோகும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போன மாதம் போட்டது தெரியவே தெரியாது. வேலையை விட்டுப் போனவர் குழுவில் இன்னும் இருப்பார். பெண் தொழிலாளர்களின் சொந்த எண்கள் எல்லோர் கையிலும் கிடக்கும்.

எனவே வேலையைப் பங்கு போடுங்கள். வாட்ஸ்அப் தெரு, இன்ட்ராநெட் வீட்டு பீரோ. 'லீவுப் பட்டியல் வந்துவிட்டது' என்ற ஒரு வரியும் இணைப்பும் மட்டும் குழுவில் போகட்டும். பட்டியல் தளத்தில் இருக்கட்டும். குழுவில் யாராவது கேள்வி கேட்டால் நீளமாகப் பதில் எழுதாமல் அந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், அன்றைக்கே எழுதிவிட்டு அனுப்புங்கள். இரண்டு மாதம் விடாமல் செய்தால் ஆட்களின் கை தானாகத் தளத்துக்குப் பழகிவிடும்.

கைப்பக்குவத்தை எழுத்தில் பிடிப்பது

இனித்தான் பெரிய விஷயம். முந்திரியில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை முழுப்பருப்பு. இதை யாரும் அட்டையில் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டையையும் நம் ஊர்க் கொட்டையையும் ஒரே நேரம் வேகவைக்கலாமா, ஈரம் கூடுதலான லோடை எத்தனை நாள் வெயிலில் போடுவது, பருப்பு நிறம் மாறத் தொடங்கினால் முதலில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் வேகவைப்பவர் கையிலும் கண்ணிலும் மட்டுமே இருக்கிறது. முழுப்பருப்பாக வருவதும் துண்டாக உடைவதும் அதைப் பொறுத்தது. லாபமும் அதைப் பொறுத்ததுதான்.

இதே சிக்கல் ஜெராக்ஸ் நிறுவனத்துக்கும் இருந்தது. மெஷின் பழுது பார்ப்பவர்கள் கையேட்டைவிட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவத்தை நம்பியே வேலை செய்தார்கள். 1990-களில் 'யுரேகா' என்ற பெயரில் அந்தக் குறிப்புகளுக்கு ஓர் இடம் அமைத்தார்கள். ஒருவர் குறிப்பு எழுதுவார், அனுபவசாலிகள் சோதித்துச் சரியென்பார்கள், எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். குறிப்புக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது பழுது பார்ப்பவர்களே வேண்டாமென்றார்கள். எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் போய்விடும் என்றார்கள். பெயர் வந்தால் போதும் என்றார்கள்.

அவர்கள் பயந்தது நம் நாட்டில் நடந்தது. இன்ஃபோசிஸ் தன் அறிவுப் பகிர்வுத் தளமான கே-ஷாப்பில் 2001-இல் எழுதுபவர்களுக்கும் மதிப்பிடுபவர்களுக்கும் புள்ளிகள் தந்தது. புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். கட்டுரைகள் குவிந்தன. மதிப்பிடுபவர்கள் திணறினார்கள். எது நல்லது, எது புள்ளிக்காக எழுதியது என்று பிரிப்பது பெரும்பாடாயிற்று. பிறகு நிறுவனம் அந்த முறையைத் திருத்தி, படித்துப் பயன்படுத்தியவர்களின் மதிப்பீட்டுக்கு எடையைக் கூட்டியது. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்த ஏற்ற இறக்கத்தை விரிவாகவே எழுதியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. மாதத்துக்கு இரண்டு குறிப்பு போதும். அனுபவசாலியை எழுதச் சொல்லாதீர்கள். எழுதச் சொன்னால் ஓடிவிடுவார். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று இரண்டு நிமிட வீடியோ எடுங்கள். இன்னொரு அனுபவசாலியிடம் காட்டி "சரிதானே அண்ணே?" என்று கேளுங்கள். வீடியோவில் இருப்பவரின் பெயரையும் படத்தையும் போட்டு ஏற்றுங்கள். இந்த ஊரில் பெயருக்கு இருக்கும் மதிப்பு பரிசுக் கூப்பனுக்குக் கிடையாது.

நிர்வாகத்துக்கு என்ன கிடைக்கும்?

முதலாளிகள் பலர் இன்ட்ராநெட்டைத் தாம் பேசும் மைக்காக நினைக்கிறார்கள். அதைக் காதாக வைத்துக்கொண்டால் லாபம் அதிகம். ஹெச்.சி.எல். டெக்னாலஜிஸில் வினீத் நாயர் பொறுப்பில் இருந்தபோது இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். ஊழியருக்கு ஹெச்.ஆரிடமோ கணக்குப் பிரிவிடமோ குறை இருந்தால் டிக்கெட் போடலாம். தீர்ந்துவிட்டது என்று அதை மூடும் உரிமை, போட்ட ஊழியருக்கு மட்டும். குறித்த நேரத்தில் தீராவிட்டால் டிக்கெட் மேலதிகாரியிடம் தானாக ஏறும். இன்னொன்று, தலைமையிடம் யாரும் கேள்வி கேட்கலாம்; கேள்வியும் பதிலும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும், கசப்பான கேள்வியாக இருந்தாலும். 2010-இல் வந்த தம் புத்தகத்தில் நாயர் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

இருநூறு பேர் ஆலைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் 'கேட்டவர் சரியென்றால்தான் முடிந்தது' என்ற விதியை இன்றே கடன் வாங்கலாம். இ.எஸ்.ஐ. பெயரைத் திருத்தியாயிற்று என்று ஆபீஸ் சொன்னால் போதாது, கார்டைக் கையில் வாங்கியவர் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை முதலாளிக்கு ஒரே தாளில் மூன்று விவரம் கொடுங்கள்: அதிகம் தேடப்பட்ட பத்துச் சொற்கள், தேடியும் விடை கிடைக்காத பத்துச் சொற்கள், தீராமல் நிற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை. இரண்டாவது பட்டியல்தான் தங்கம். 'அட்வான்ஸ்' என்று பலர் தேடி ஏமாந்திருந்தால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் வீடுகளை நெருக்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆள் நின்றுபோவதற்கு முன்னால் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் தகவல் அது.

இங்கே ஓர் எல்லை உண்டு. யார் எதைத் தேடினார் என்ற பெயர்ப் பட்டியலை முதலாளி கேட்டால் கொடுக்காதீர்கள். 'இ.எஸ்.ஐ. பிரசவப் பலன்' என்று தேடிய பெண்ணின் பெயர் ஒருமுறை வெளியே வந்தால், அதன்பின் அந்தத் தளத்தில் ஒருவரும் உண்மையாகத் தேட மாட்டார்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.

பூட்டும் சாவியும்

பே ஸ்லிப், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அவரவர் சொத்து. தனிநபர் தரவுகளைக் காக்க நாடு 2023-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அவரவர் சீட்டு அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும். தேவையில்லாத ஆவணத்தைத் தளத்தில் வைக்கவே வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு முடிக்கும் நாளிலேயே அனுமதியையும் மூடுங்கள். அதற்கென்று செட்டில்மென்ட் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் மறக்காது. நிர்வாகி கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. நீங்கள் காய்ச்சலில் படுத்தாலும் தளம் ஓட வேண்டும்.

மழைக்காலப் பக்கம்

கடலூர் மாவட்டத்தில் எந்த நிறுவனமும் தவறாமல் வைக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-இல் வெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் எழும் கேள்விகள் ஒன்றேதான்: நாளைக்கு ஆலை உண்டா, வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்களா, வேன் எந்த வழியாக வரும், குடோனில் நனையும் மூட்டையை யார் தூக்குவது, யாரைக் கூப்பிடுவது.

பதில்களை ஆகஸ்டிலேயே எழுதி, முதலாளியின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் முதல் பக்கத்துக்கு ஏற்றுங்கள். எண்களைத் தாளில் அச்சடித்தும் கொடுங்கள். மின்சாரம் போய், டவரும் போன இரவில் எந்த இன்ட்ராநெட்டும் திறக்காது. சட்டைப்பையில் இருக்கும் சீட்டு மட்டும் திறக்கும்.

எந்த மென்பொருள், எத்தனை நாள்?

இந்தக் கேள்வியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். ஐம்பது பேருக்குக் குறைவென்றால் கூகுள் சைட்ஸும் ஒரு ஷீட்டும் போதும். கொஞ்சம் பெரிய இடத்துக்கு, தென்காசி வரைக்கும் அலுவலகம் கொண்டுபோன ஜோஹோவின் கனெக்ட் இருக்கிறது. ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் சந்தா கட்டுபவர்களுக்கு ஷேர்பாயின்ட் கையிலேயே இருக்கும். எதை எடுத்தாலும் மூன்று சோதனை செய்யுங்கள்: பழைய ஆண்ட்ராய்டு போனில் சீக்கிரம் திறக்கிறதா, தமிழில் தேட முடிகிறதா, நாளை வேறொன்றுக்கு மாற நினைத்தால் தகவலை முழுசாக எடுத்துக்கொண்டு போகலாமா.

தொண்ணூறு நாள் கணக்கு இது. முதல் இரண்டு வாரம் நோட்டு. மூன்றாவது வாரம் சீட்டுப் பிரிப்பு. அடுத்த மூன்று வாரத்தில் ஐந்து பக்கம், அதற்கு மேல் வேண்டாம். ஏழாவது வாரம் ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். தரம்பிரிப்பில் இருப்பவர்களில் போன் நன்றாகக் கையாளும் இளம் பெண்கள் இருந்தால் அவர்களே முதல் ஆசிரியர்கள். அவர்கள் தடுமாறும் இடங்களை இரண்டு வாரத்தில் சரிசெய்து, பத்தாவது வாரம் எல்லோருக்கும் திறவுங்கள், ஒரு சம்பள நாளைப் பார்த்து. திறப்பு விழாவும் ரிப்பனும் வேண்டாம். "பே ஸ்லிப் இனிமே இதுலதான்" என்று சொல்லிவிட்டால் அதுவே விழா. பன்னிரண்டாவது வாரம் மறுபடியும் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்.

உங்களுக்கு இதில் என்ன?

"நீயே பாத்துக்கோ" என்று தலையில் விழுந்த வேலையைச் சுமையாக நினைத்தால் சுமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் கணக்கு, ஸ்டோர், உற்பத்தி, பேக்கிங் என எல்லாப் பிரிவிலும் நின்று கேட்டிருப்பீர்கள். யாருக்கு என்ன தெரியும், எங்கே எது தடைபடுகிறது என்பது ஆலையில் உங்களைவிட யாருக்கும் தெரியாது. அடுத்த இன்டர்வியூவில் 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்' என்ற வரிக்குப் பதிலாக, 'சம்பள நாளில் ஆபீசுக்கு வந்த போன்களை இத்தனையிலிருந்து இத்தனையாகக் குறைத்தேன்' என்று சொல்லலாம். ஆதாரமாக நோட்டு கையில் இருக்கும்.

அந்தப் பன்னிரண்டாவது வார நோட்டை எடுத்துப் பழைய நோட்டின் பக்கத்தில் வையுங்கள். வாரக் கணக்குப்படி வரிகள் குறைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கேள்விகளைப் படியுங்கள். "சம்பளம் ஏறிடுச்சா?" இருந்த இடத்தில், "ஏம்மா, அந்த மூணாவது டிரையர்ல மட்டும் பருப்பு ஏன் அடிக்கடி கருகுது? யாராச்சும் வந்து பாக்கச் சொல்லேன்" என்ற ஒரு வரி வந்திருந்தால், உங்கள் இன்ட்ராநெட் வேலை செய்கிறது. அந்த நோட்டை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.